வேண்டாம் என்ற பதினாறு பேர்

பயிற்சி மையத்தின் வாசலில் இருந்த வாட்ச்மேன் எழுந்து நின்று பதிவேட்டை நீட்டினார். கையெழுத்துப் போடும்போது மதிப்பீட்டாளர் அவருடைய இரும்பு ஸ்டூலைப் பார்த்தார். அதன்மேல் நான்காக மடித்த அட்டை ஒன்று கிடந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அது நடுவில் குழிந்து போயிருந்தது.

உள்ளே தையல் மெஷின்களை எல்லாம் சுவரோரம் தள்ளி உறை போட்டு மூடியிருந்தார்கள். தையலுக்கான தேர்வு போன வாரமே முடிந்துவிட்டது. இன்றைக்கு வேறு தேர்வு. தைத்த பொருளை யார் வாங்குவார்கள் என்று ஒவ்வொருவரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்காக இருபது பேரை நேரில் பார்த்துக் கேட்டு, அவர்கள் சொன்னதைப் படிவத்தில் பதிந்து கொண்டுவர வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இதில்தான். அன்று காலையில்கூட ஒரு இளைஞன், தன் சட்டைகள் 'ரசனை உள்ளவர்களுக்கு' என்று சொல்லியிருந்தான். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்டதும் அவன் தன் படிவத்தைப் புரட்டத் தொடங்கினான்.

ஐந்தாவதாக வந்த பெண்ணுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். வகுப்பில் அவளை மெத்தை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்காலியில் போட்டு உட்காரும் சிறு மெத்தைகள் தைப்பாள். ஆறு மாதத்துக்கு முன் இதே தேர்வில் தோற்றிருந்தாள். யார் வாங்குவார்கள் என்ற இடத்தில் 'உட்காருகிற எல்லாரும்' என்று எழுதியிருந்தாள். இது இரண்டாவது முறை, மூன்றாவது கிடையாது. அடுத்த தெருவில் பெண்கள் சேர்ந்து நடத்தும் தையல் கூடத்தில் ஒரு மெஷினை அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். சான்றிதழ் இருந்தால்தான் அது அவளுக்கு. இந்த வாரத்துக்குமேல் காத்திருக்க மாட்டார்கள்.

நீல ரெக்சின் மெத்தையை மேசைமேல் வைத்துவிட்டுக் கோப்பை நீட்டினாள். மதிப்பீட்டாளர் தாள்களைப் புரட்டினார்.

"இருபது பேரும் டிரைவரா?"

"ஆமா மேடம். எங்க வீட்டுக்காரர் வேன் ஓட்டுறாரு. அவங்க ஸ்டாண்டுல இருக்கிறவங்கதான்."

"எல்லாருமே வேணும்னு சொல்லியிருக்காங்க."

"ஆமா மேடம்." குரல் இறங்கியது.

"எங்க வச்சு எழுதுனாங்க?"

"ஸ்டியரிங் மேல வச்சுத்தான்."

மதிப்பீட்டாளர் ஒரு தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். மடிப்பு இல்லை. எண்ணெய்க் கறை இல்லை. இருபது டிரைவர்கள் கை பட்ட காகிதம் இவ்வளவு வெள்ளையாக இருக்காது. பொய்யான படிவம் என்று தெரிந்தால் தேர்வையே ரத்து செய்ய வேண்டும் என்பது விதி. அவர் பேனாவை மூடினார்.

"இங்க பாருங்கம்மா. வாங்கிக்கிட்டேன்னு நான் இன்னும் கையெழுத்துப் போடல. போட்டுட்டா இதுதான் உங்க பேப்பர். அதுக்கு முன்னாடி பையில வேற ஏதாவது இருந்தா எடுத்து வைக்கலாம்."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வகுப்பு ஆசிரியை நின்றிருந்தாள். சின்ன வயது, அவள் பாடம் எடுத்த முதல் வகுப்பு இது.

"குடுத்துடுங்க அக்கா," என்றாள் ஆசிரியை. பிறகு மதிப்பீட்டாளரிடம், "நான்தான் புது ஃபாரம் குடுத்து மாத்தி எழுதச் சொன்னேன் மேடம். போன தடவை ஃபெயிலானப்ப இவங்க அழக்கூட இல்ல. எல்லா மெஷினையும் துடைச்சு உறை போட்டுட்டு, வரேன்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

மெத்தை அக்கா பையின் அடியில் துணிகளுக்குக் கீழே இருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். ரப்பர் பேண்டு போட்ட, ஓரம் சுருண்ட, கறை படிந்த தாள்கள்.

"பதினாறு பேர் வேணாம்னுட்டாங்க மேடம். நாலு பேரு பார்க்கலாம்னாங்க. அதுவும் எங்க வீட்டுக்காரர் மூஞ்சிக்காக."

"வேணாம்னு முதல்ல சொன்னது யாரு?"

"அவருதான்."

முதல் தாளில் கோணல் எழுத்தில் இருந்தது: 'என் மனைவி தைத்தது என்பதால் உட்காருவேன். காசு கொடுத்து வாங்க மாட்டேன்.' கீழே கையெழுத்து.

மதிப்பீட்டாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்தடுத்த தாள்களைப் படித்தார். வண்டியோடு வருகிற சீட்டே போதும் என்று பலர். ஐந்தாவது ஆள் கூடவே ஒன்று சொல்லியிருந்தார்: 'வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கொடு.' பதினொன்றாவது ஆளும் ஏறக்குறைய அதையே சொல்லியிருந்தார். பதினான்காவது ஆளும். மூன்றின் அடியிலும் பென்சில் கோடு. தாள்களின் பின்பக்கத்தில் வேறு பேச்சு, பென்சிலில். பிறகு அவள் போய்க் கேட்ட ஒன்பது வாட்ச்மேன்கள் சொன்னது.

"இதை ஏம்மா காட்டல?"

"முதல்ல குடுத்த இருபது ஃபாரமும் டிரைவருங்களுக்கே தீர்ந்துபோச்சு மேடம். அதோட, டிரைவருக்குன்னு திட்டத்துல எழுதிக் குடுத்துட்டேன். டிரைவரே வேணாம்னா எல்லாம் போச்சுன்னுதானே அர்த்தம்?"

மதிப்பீட்டாளர் வெள்ளைத் தாள்களை அவள் பைக்குள் திருப்பிப் போட்டார். "இது என் கைக்கு வரல," என்றபடி எழுந்தார். "வாங்க, உங்க வாசல்லயும் ஒருத்தர் இருக்காரு. நீங்க கேளுங்க, நான் தள்ளி நிக்கிறேன். இதுதான் உங்க பரீட்சை."

கழுத்தில் டேப்பு தொங்க, மெத்தையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவள் வாட்ச்மேனிடம் போனாள்.

"அண்ணே, இது என்ன அட்டை?"

"ஃப்ரிட்ஜ் வந்த பெட்டிம்மா. நம்ம சிம்மாசனம்."

"டியூட்டி முடிஞ்சா எங்க வைப்பீங்க?"

"வைக்க ஏது இடம்? அடுத்து வர்றவன் ஆள் மலை மாதிரி. அவன் ஒரு தடவை உக்காந்தா, மறுநாள் எனக்கு வேற பெட்டி தேடணும்."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுதானே?"

"பஸ்ல இதைக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போனா, பழைய பேப்பர் வாங்குறவன்னு நினைக்க மாட்டாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "பையில என்னல்லாம் இருக்கும்ணே?"

டிபன் டப்பா, தண்ணி பாட்டில், டார்ச். அவர் பையைத் திறந்தே காட்டினார். அவள் டேப்பை உள்ளே விட்டு அளந்தாள். பிறகு, கையில் இருந்த மெத்தையை யாரோ தைத்ததைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இங்க ஆகாது. ரெண்டா மடியணும். ஸ்பாஞ்சை ரெண்டு துண்டாப் போட்டு, நடுவுல தையல் விட்டுட்டா பைக்குள்ள போயிடும். அப்படி ஒண்ணு இருந்தா வாங்குவீங்களாண்ணே?"

"நானா? நானே மெத்தை வாங்கிட்டு வந்தா, இவன் தூங்கத்தான் வரான்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு. என் பொண்ணு ஆசையா வாங்கிக் குடுத்தான்னு சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் அப்படியே நின்றாள். பிறகு திரும்பினாள்.

"மேடம், உக்கார்றவரு வேற, வாங்குறவங்க வேற."

"சொல்லுங்க."

"வாட்ச்மேனோட பொண்ணு, பையன், சம்சாரம். அவங்ககிட்டதான் போகணும். நிறமும் கறுப்பா இருக்கணும் மேடம். மெத்தை மாதிரியே தெரியக் கூடாது."

மதிப்பீட்டாளர் பதிவேடு இருந்த மேசையிலேயே குனிந்து, அழுக்குத் தாள்களின் மேல் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் படிவத்தில் அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி, 'தகுதி பெற்றார்' என்ற கட்டத்தில் டிக் அடித்து அவள் பக்கம் திருப்பினார். அவள் மூன்று முறை படித்தாள். படி மேல் நின்ற ஆசிரியை முகத்தைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா," என்றார் மதிப்பீட்டாளர் ஆசிரியையிடம், "அந்த மூணு இடத்துல கோடு போட யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் மேடம். ஒரே விஷயத்தை ரெண்டு மூணு பேர் சொன்னா கோடு போடுங்கன்னு."

"அடுத்த வகுப்புக்கும் அதையே சொல்லிக் குடுங்க. மாத்தி எழுத மட்டும் சொல்லாதீங்க."

மெத்தை அக்கா அதற்குள் போனில் இருந்தாள். ஸ்பீக்கரில் வண்டிச் சத்தத்தோடு கணவரின் குரல் வந்தது. "என்னாச்சு?"

"பாஸ். நீங்க வேணாம்னதுதான் காப்பாத்துச்சு."

அவர் வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. "அப்ப அந்த நீல மெத்தை?"

"அது இனிமே யாருக்கும் ஆகாது. நீங்கதான் வேணாம்னு கையெழுத்தே போட்டுட்டீங்களே."

"காசு குடுத்து வாங்க மாட்டேன்னுதானே போட்டேன்? மேல என்ன எழுதியிருக்கேன்னு படி."

அவள் படிக்கவில்லை. டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீல மெத்தையைப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோக.