உள்ளிருந்து திறக்கும் கதவு

சவ வண்டி வந்து நின்றுவிட்டது. வாசலில் குறுக்கே அப்பாவின் கார்.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்றான் அண்ணன்.

அவளிடம்தான் இருந்தது. அப்பாவின் சட்டை, மூக்குக் கண்ணாடியோடு சேர்த்து ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பழைய கார்களுக்கு விலை மதிப்பது அவள் வேலை. அப்பாவின் காரைக் கம்பெனி தயாரிப்பதை நிறுத்தி ஒன்பது வருஷமாகிறது. நிறுத்திய சூட்டிலேயே பாதி விலை போயிற்று. உதிரி பாகங்கள் கிடைக்காமல் போகப் போக மிச்சமும் கரைந்தது. வருஷா வருஷம் அப்பா கேட்பார், "இப்போ எவ்வளவும்மா போகும்?" அவள் சொல்வாள். "வண்டி அதே வண்டிதானே, அப்புறம் ஏன் கொறையுது?" என்று சிரிப்பார்.

டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவில் வெளிப்பிடி உடைந்துவிட்டது. அந்தப் பிடி எந்தக் கடையிலும் இல்லை. அவளை அலுவலகத்திலிருந்து கூட்டிப்போக வரும்போதெல்லாம் அப்பா உட்கார்ந்தபடியே எக்கிச் சாய்ந்து உள்ளிருந்து திறந்துவிடுவார். "மகாராணி ஏறலாம்."

நேற்று மதியம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். அவள் அலுவலகத்துக்குப் போனில் பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அதையா? எடைக்குத்தான்பா போடணும். அந்தக் கதவு வேற."



"உன் பேருக்கு மாத்திடலாம்னு நெனச்சேன். சரி விடு. ஒண்ணுத்துக்கும் ஆகாததை எதுக்கு உன் தலையில கட்டணும்."

அவள் நிமிர்ந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கி எழட்டும், அந்த வண்டி தனக்கு வேண்டுமென்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். நாலரை மணிக்கு அவர் கையைத் தொட்டுப் பார்த்த நர்ஸ், அவளைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னாள்.

"என்ன யோசனை?" என்றான் வாசலில் நின்ற அண்ணன். "எடும்மா வண்டிய. அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

சாவியோடு போனாள். முன்கண்ணாடியில் நாலு நாள் தூசி படிந்திருந்தது.

"அங்க எங்க போற?" என்றான் அண்ணன். "அந்தக் கதவுதான் வெளியேருந்து தொறக்காதே."

பிடியில்லாத அந்தக் கதவுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், அது திறப்பதற்கு ஓரடி இடம் விட்டு.