நீல விளக்குப் பெடலும் ஒரு சாண் வயரும்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல. மேசையில் என் முன்னால் ஒரு சாண் நீள வயர் கிடக்கிறது. அது என்னுடையதல்ல. என்னிடம் எப்படி வந்தது என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. மனம் உறுத்தினால் மற்றவர்கள் நேரில் போய் மன்னிப்புக் கேட்பார்கள், நான் எழுத உட்கார்ந்துவிடுவேன்.

முதல் தொடக்கம்: ‘பேஸ் கிட்டாரின் ஆழ்ந்த நாதம், பூமித்தாயின் இதயத்துடிப்பாய், காலங்களைக் கடந்து’

[நிறுத்திவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.]

இரண்டாம் தொடக்கம்: ‘அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.’

இது தேவலை. உண்மையும்கூட.

2.

அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் எண்ணெயும் கிரீஸுமாகத் திரிந்துவிட்டு, சனிக்கிழமை பிற்பகலில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு பேஸ் கிட்டாரைத் தூக்குவார். நான்கு பேர் குழு. அவர் மனைவி பாடுவார். ஒரு பல் டாக்டர் டிரம்ஸ். கிளினிக்கை மூடியபின் நோயாளிகள் காத்திருக்கும் அறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகை நடக்கும். நான்காவது ஆள் ஒரு கீபோர்டுக்காரன். தன்னைத் தவிர யார் வாசிப்பதையும் காதில் வாங்காத தலைக்கனம் பிடித்தவன். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

பதினோரு வருடமாக ஊமைக் கோட்டான் மாதிரி மூலையில் நின்று வாசிக்கிறார் மனிதர். ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருமுறை கம்பி அறுந்துபோய் இரண்டு பாட்டுக்குச் சும்மாவே நின்றார். முடிந்ததும் டாக்டர், “இன்னிக்குதான் எல்லாம் கனகச்சிதமா சேர்ந்துச்சு” என்றார்.

இப்படிப்பட்ட ஆளுக்குக் கோபம் வர வேண்டாமா? முதல் பிரதியில் வரவழைத்துப் பார்த்தேன். பெரிய மீசைகூட வைத்தேன். மீசையைத் தடவிக்கொண்டு “பரவால்ல டாக்டர்” என்றார். மீசையை எடுத்துவிட்டேன்.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். வாசிக்கும்போது யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, திரும்பிப் பார்க்க வேண்டும்.

3.

அதற்குத்தான் கோரஸ் பெடல். காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. மிதித்தால் நீல விளக்கு எரியும், கிட்டார் சத்தம் லேசாக அலையடிக்கும். கடைக்காரர், “ஒரு வாரம் வச்சுப் பாருங்க, பிடிக்கலேன்னா ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடுங்க” என்று கொடுத்தனுப்பினார்.

வீட்டில் மனைவி அந்தப் பெட்டியைச் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னங்க பண்ணும்?”

“ஒருத்தர் வாசிக்கிறது ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி கேக்கும்.”

“ஒருத்தர் வாசிக்கிறதே கேக்கலையே!”

[இந்த வசனத்தில் நான் கைவைக்கவில்லை. சொன்னது சொன்னபடி.]

மறுநாள் பகல் பதினான்காம் மாடியில், லிஃப்ட் பராமரிப்புப் படிவத்தின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ‘வேண்டும்’, அந்தப் பக்கம் ‘வேண்டாம்’ என்று எழுதினார். வேண்டும் என்பதற்குக் கீழே: ‘நான் வாசிப்பது எல்லோருக்கும் கேட்கும்.’ நெடுநேரம் யோசித்து, வேண்டாம் என்பதற்குக் கீழேயும் அதையே எழுதினார்.*

(* அந்தப் படிவம் அப்படியே அலுவலகத்துக்குப் போய்விட்டது. ‘கவனிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள்.)

4.

சனிக்கிழமை. கிளினிக். கிட்டாரிலிருந்து சுருதி பார்க்கும் பெட்டிக்கு ஒரு வயர். அங்கிருந்து புதுப் பெடலுக்கு ஒரு சாண் வயர். பெடலிலிருந்து ஸ்பீக்கருக்கு நீள வயர். எல்லாம் சொருகி நிமிர்ந்தபோது போன் அடித்தது. யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். படிக்கட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம், “சார், அழாதீங்க சார். ஆள் வந்துட்டிருக்கு. குதிக்காதீங்க, சும்மா உக்காருங்க” என்று தேற்றிக்கொண்டிருந்தார்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. இப்போதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.]

திரும்பி வந்தார். பாட்டு தொடங்கியது. இரண்டாம் சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டு பெடலை மிதித்தார். நீல விளக்கு எரிந்தது. வாசித்தார்.

மூன்று தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

“ஏங்க!” என்றார் மனைவி, பாட்டை நிறுத்திவிட்டு. “எனக்குச் சிலிர்த்துடுச்சு. பாருங்க கையை.”

“நல்லாதான் இருக்கு,” என்றார் டாக்டர். “ஆனா அலை கொஞ்சம் ஜாஸ்தி. மரத்துப்போற ஊசி போட்ட மாதிரி தாடையெல்லாம் என்னவோ பண்ணுது. கொஞ்சம் கொறைங்களேன்.”

அவர் குனிந்து குமிழைத் திருகினார்.

“ஆங்! இப்ப சரியா இருக்கு.”

கீபோர்டுக்காரனும் சும்மா இருக்கவில்லை. “அந்த அலை வந்து வந்து போறது இருக்கு பாருங்க, அதுதான் நுட்பம்” என்று அரைமணி நேரம் விளக்கினான்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக நம் ஆளின் மனம் ஆனந்தத்தில்

[‘கூத்தாடியது’ என்று முடித்திருந்தேன். பின்னால் அடிக்க வேண்டி வந்தது.]

5.

எடுத்து வைத்த வாக்கியம் இதோ: ‘அவர் படிக்கட்டில் இருந்தபோது, கீபோர்டுக்காரன் தன் கீபோர்டுப் பெட்டிக்கு ஒரு வயர் குறைகிறதென்று அந்த ஒரு சாண் வயரைப் பிடுங்கிக்கொண்டு, நீள வயரை நேராகச் சுருதிப் பெட்டியில் சொருகிவிட்டான்.’

அதாவது, கிட்டார் சத்தம் பெடல் பக்கமே போகவில்லை. பெடலுக்கு மின்சாரம் மட்டும் தனி வயரில் வந்தது. விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். டாக்டர் குறைக்கச் சொன்னது, சரியானது, நுட்பம், எல்லாம் வெறும் விளக்கு.

கீபோர்டுக்காரன் நான்தான். இவ்வளவு திட்டியபின் சொன்னால் கொஞ்சம் மன்னிப்பீர்கள் என்று பார்த்தேன். பாடுகிறவர் என் அக்கா. லிஃப்ட் மெக்கானிக் என் மாமா. வயரைப் பிடுங்கியதை அடுத்த நொடியே மறந்துவிட்டுத்தான் அந்த அரைமணி நேரமும் பேசினேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது வயர் கீழே விழுந்தது. அவமானமாக இருந்தது, ஐயா. பிடுங்கியதற்குக்கூட இல்லை, பேசியதற்கு.

நேரில் சொல்லத் துப்பில்லை. அதனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கதையாக எழுதி, இன்று ஞாயிறு காலை மாமாவை வரச்சொல்லி, ஐந்தாம் பகுதிவரை கையில் கொடுத்தேன்.

6.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். மீசை வந்த இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கத்தை மடித்தார்.

“தெரியும்டா.”

“என்ன மாமா தெரியும்?”

“மொத நோட்டுலயே தெரிஞ்சுபோச்சு. லிஃப்ட் எந்த மாடியில நிக்குதுன்னு சத்தத்த வச்சே சொல்றவன் நான். எனக்குத் தெரியாதா? ஆனந்தக் கூத்தாடினேன்னு எழுதியிருக்க பாரு, அத மட்டும் அடிச்சிடு.”

“அப்புறம் ஏன் நேத்தே சொல்லல?”

“மூணு பேரும் திரும்பிப் பார்த்துட்டீங்க. அத எப்படிடா கெடுக்கறது?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டாக்டர் கொறைக்கச் சொன்னப்ப சிரிப்ப அடக்க முடியல. ராத்திரி படுத்தப்ப அழுகையா வந்துச்சு.”

மேசையிலிருந்த வயரை எடுத்து நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லு. நீங்க திரும்பினது லைட்டுக்கா, நான் வாசிச்சதுக்கா? லைட்டுக்குன்னா பெடல் இருக்கட்டும். வாசிச்சதுக்குன்னா சாயங்காலம் கடையில குடுத்துடறேன்.”

7.

முடிவு அ: ‘வாசிச்சதுக்குத்தான் மாமா,’ என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

[பொய். எனக்கு நினைவே இல்லை.]

முடிவு ஆ: ‘லைட்டுக்குத்தான் மாமா.’ அவர் கிட்டாரைத் துணி சுற்றிப் பரண்மேல்

[இதை எழுதவே மாட்டேன்.]

முடிவு இ: பெடலை வைத்துக்கொள்கிறார். வயரை மட்டும் சொருகுவதில்லை.

[டாக்டருக்குப் பிடிக்கும்.]

மாமா பதிலுக்குக் காத்திருக்கிறார். கிட்டாரையும் பெடலையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். பெடல் எங்கள் இருவருக்கும் நடுவில், விளக்கு எரியாமல் கிடக்கிறது. ஒரு சாண் வயர் என் கையில் இருக்கிறது. பதினோரு வருடமாகப் பக்கத்திலேயே நின்றும் இவர் எப்படி வாசிப்பார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

“தெரியல மாமா,” என்றேன். “இப்ப ஒரு தடவ வாசிங்க.”

“லைட்டு?”

“வேணாம். நான் கண்ண மூடிக்கறேன்.”

பெடல் வேண்டுமா வேண்டாமா என்பதை இனி நீங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள், பேனாவைக் கீழே வைக்கிறேன். மாமா ஆரம்பித்துவிட்டார்.