நாளைக்கு ஒரு டீச்சர்

தலைமை ஆசிரியையான பெரிய டீச்சருக்கு அன்று காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. வாசலுக்கு நாலு நடை, மாடிக்கு ரெண்டு நடை, நடுநடுவே காவலாளியிடம் "கார் வந்துச்சா?" என்று ஒரு விசாரணை. "வந்தா ஹார்ன் அடிப்பாங்க மேடம்" என்று அவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரசுப் பள்ளி அது. அறிவியல் ஆசிரியர் இடம் நாலு வருஷமாகக் காலி. மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்தபாடில்லை. கடைசியில் ஒரு சோப்புக் கம்பெனிதான் இரக்கப்பட்டு, தன் செலவில் சின்ன டீச்சரை அனுப்பிவைத்தது. அந்த ஏற்பாடு இன்றோடு முடிகிறது. கம்பெனி அதிகாரி வந்து பார்த்து "சரி" என்றால்தான் நாளைக்கு அவள் வருவாள். இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பு நட்டாற்றில்தான்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரே வியாதி. வருகிறவர் கண்ணில் ஒரு குறை படக் கூடாது. உடைந்த பெஞ்சுகளையெல்லாம் பின் அறையில் போட்டுப் பூட்டியாயிற்று. சுவரில் மழைநீர் ஒழுகிய கறையை ஒரு பெரிய வரைபடம் மறைத்துக்கொண்டது.

"இருக்கறதை இருக்கறபடியே காட்டலாமே மேடம்?" என்றாள் சின்ன டீச்சர்.

"நீ சும்மா இரும்மா. மானத்தை வாங்காதே."

அதிகாரி வந்தார். பளபளத்த தரையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பெரிய டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதுவும் ஒரு நிமிஷம்தான்.

"பிரமாதமா வச்சிருக்கீங்க! இனிமே எங்க உதவி உங்களுக்குத் தேவையே இல்ல. இதைவிடக் கஷ்டப்படற பள்ளிக்கூடம் எத்தனையோ இருக்கு. அங்கே குடுத்துடறோம்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது பெரிய டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. வரைபடத்தைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார். பின் அறையைத் திறந்துகாட்டினார்.

அதிகாரியின் முகம் சுருங்கிற்று. "அப்போ இவ்வளவு நேரம் என்கிட்ட நாடகமா?"

"ஆமாங்க. புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். சுவர் வேண்டாம், பெஞ்சு வேண்டாம், பிள்ளைங்க தரையில உக்காந்துக்கும். டீச்சரை மட்டும் விட்டுவைங்க. அவ பாடம் எடுக்கறதைப் பத்து நிமிஷம் பாத்துட்டுப் போங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றார். உள்ளே இது எதுவும் தெரியாமல் சின்ன டீச்சர் கரும்பலகையில் மீனின் செவுள் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், ஆத்து மீன் தூங்கினா தண்ணி அதை இழுத்துட்டுப் போயிடாதா?"

சின்ன டீச்சர் யோசித்தாள். "நல்ல கேள்வி. எனக்கே தெரியல. படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்."

அதிகாரிக்குப் பின்னால் நின்ற பெரிய டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். தெரியாது என்று சொல்ல வேறு நாளே கிடைக்கவில்லையா இவளுக்கு! பிள்ளைகளோ அந்தக் கேள்வியை மும்முரமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாளைக்காம், ஏது நாளை?

அதிகாரி கையிலிருந்த படிவத்தைப் பார்த்துப் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பெரிய டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"யாரும் லீவு போட்டுடாதீங்க. நாளைக்கு டீச்சர் வந்து பதில் சொல்லுவாங்க."

அதிகாரி சட்டெனத் திரும்பினார். "யாரைக் கேட்டு இப்படிச் சொல்றீங்க?"

"உங்களைத்தாங்க," என்றார் பெரிய டீச்சர். "இனிமேதான் கேக்கணும்."