ஒண்ணும் போடல

“இது இவ கொண்டாந்த சீக்கு டாக்டர்—”

“நான் ஒண்ணும் கொண்டு வரல அத்தை—”

“—பொறந்த வீட்டுச் சீதனம்—”

“—அங்க யாருக்குமே இல்ல!”

“ரெண்டு பேரும் வாயை மூடுறீங்களா? நான் தோலைப் பார்க்கணும், சண்டையை இல்ல” என்றாள் டாக்டர்.

மருமகளின் கழுத்தில் ஒரு வட்டம். ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து, புத்தகத்தில் போட்ட படம் மாதிரி இருந்தது. படர்தாமரை. பதினைந்து நாளாயிற்றாம். அந்தப் பதினைந்து நாளும் பத்து மாதக் குழந்தையை இவள் தொடவே கூடாது என்று மாமியார் சட்டம் போட்டிருந்தாள். பால் பாட்டிலைக்கூட வாசற்படியில்தான் வைக்க வேண்டுமாம்.

“குழந்தைக்கு?”

“அதுக்கும் வந்துடுச்சு, நாலு நாளா. இந்தப் புண்ணியவதி கைபட்டதால” என்றாள் மாமியார். குழந்தை அவள் இடது முழங்கை மடிப்பில் கன்னத்தைப் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் அதன் முகத்தை மெல்லத் திருப்பினாள். பதிந்திருந்த கன்னத்தில்தான் வட்டம். ஆனால் ஓரம் இல்லை. ஈரக்கை பட்ட மை மாதிரி கலைந்து கிடந்தது.

“என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடல.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் தெரிந்துகொண்டது, தோல் வியாதிக்காரர்களில் யாருமே எதுவும் போடுவதில்லை என்பதுதான். வேப்பிலை, பற்பசை, பக்கத்து வீட்டு ட்யூப் எல்லாம் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

பிளேடின் மொண்ணைப் பக்கத்தால் மருமகளிடமிருந்தும் குழந்தையிடமிருந்தும் செதிலைச் சுரண்டி, இரண்டு கண்ணாடித் துண்டில் வைத்து, ஆளுக்கொரு சொட்டு மருந்து விட்டாள். ஊறும்வரை மாமியாரைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றியும் வியர்க்கிற மத்தியானத்தில் மணிக்கட்டுவரை முழுக்கைச் சட்டை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள்; சொறிந்த கையை ஏன் அந்தப் பட்டியலில் விட்டார்களோ! அம்மாளின் வலது கை நிமிஷத்துக்கொரு தரம் இடது சட்டைக்கையைத் தேய்த்துவிட்டு நல்ல பிள்ளையாக மடிக்குத் திரும்பியது.

நுண்ணோக்கியில் இரண்டு கண்ணாடியிலும் பூஞ்சை நூல் நூலாக ஓடியது.

“குழந்தையை நீ கடைசியாத் தூக்கினது எப்போம்மா?”

“பதினஞ்சு நாளாச்சு டாக்டர்” என்றாள் மருமகள். “துணிமணிகூட அத்தைதான் மாத்துறாங்க. நான் அத்தையோட துண்டைத் துவைக்க எடுக்கிறப்போ, அவசரத்துக்கு அதுலயே துவட்டிக்குவேன். அவ்வளவுதான்.”

“நாலு நாள் முன்னாடி இவ எப்படித் தொட்டா, காத்துலயா?” டாக்டர் மாமியாரிடம் திரும்பினாள். “சட்டைக் கையை மேல ஏத்துங்கம்மா.”

“எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும்—”

“ஏத்துங்க.”

முழங்கை மடிப்பிலிருந்து தோள்வரை வட்டத்துக்குள் வட்டம். மேல்தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து, அடியில் சிவப்பு நரம்பு தெரிந்தது.

“எத்தனை மாசமா?”

“அஞ்சு.” குரல் தரையைத் தொட்டது. “மருந்துக்கடையில ஒரு ட்யூப் குடுத்தான். போட்டா அமுங்குது, விட்டா வருது.”

“அமுங்குறது அரிப்பு மட்டும்தான், பூஞ்சைக்கு அந்த ட்யூப் விருந்து. அதையேதான் பிஞ்சுக் கன்னத்துலயும் தடவியிருக்கீங்க, அதான் வட்டம் கலைஞ்சு கிடக்கு. உங்களுக்கு அஞ்சு மாசம், இவளுக்குப் பதினஞ்சு நாள். சீதனம் யார் யாருக்குக் குடுத்ததுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.”

மாமியார் சுவரில் தொங்கிய காலண்டரை அக்கறையாகப் படித்தாள். போன மாதத்துத் தாள் அது.

டாக்டர் மூவருக்கும் மருந்து எழுதினாள். மருமகளின் கழுத்தில் மருந்து தடவி, துணி வைத்து ஒட்டினாள். “இப்படி மூடிட்டு நீ தாராளமாத் தூக்கலாம். துண்டு மட்டும் ஆளுக்கொண்ணு.”

மருமகள் எழுந்து மாமியாரின் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

“குழந்தையைக் குடுங்க அத்தை.”