கழுவிப் போட்ட தோல்

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்கு அன்றைக்கு வேலையில் மனம் ஓடவில்லை. மாலை ஐந்து மணிக்குக் குடியிருப்புச் செயலாளர் வீட்டுக்கு வருகிறார். பால்கனியில் சமையல் குப்பையை மக்கவைக்கும் உரத் தொட்டி நாறினால் அப்போதே தூக்கிவிட வேண்டும் என்பது அவர் கட்டளை.

தியேட்டரில் ஓர் அறுவை சிகிச்சைக்கு மூன்று பை குப்பை சேரும். அதில் அவள் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டிலாவது ஒரு பை குறையட்டும் என்றுதான் தொட்டி வாங்கினாள். முதல் வாரம் தெருக் குப்பைக்குக் காய்த்தோல்கூடப் போகவில்லை. பாத்திரம் துலக்கும்போது பாடினாள். மூன்றாம் வாரம் நாற்றம் குடலைப் பிடுங்கியது. கீழ்வீட்டிலிருந்து புகார் போனது.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் புருஷன். தச்சுவேலைக்காரன். போன வாரம், அவள் வாழைப்பழத் தோலைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்துவிட்டான்.

"என்னடி பண்றே?"

"அழுக்கோடயா தொட்டியில போடறது?"

"குப்பையைக் குளிப்பாட்டுற ஒரே ஆள் நீதான். பவுடர் போடலையா?"

தொட்டியைத் திறக்கப் போனான். மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கிருமி வெளியே வரக்கூடாதாம். உள்ளே, அடியில் தண்ணீர் கொழகொழவென்று நின்றது.

"மக்க வைக்குற கிருமியையெல்லாம் ஆக்சிஜன் குடுக்காம கொன்னுட்டியே சிஸ்டர்!"

தண்ணீரை வடித்தான். மூடியில் துளை போட்டான். பட்டறையிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் கொண்டுவந்து கொட்டினான். இருவரும் தினமும் கிளறினார்கள்.

அன்றைக்கு ஐந்து மணிக்குச் செயலாளர் வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு.

"திறங்க சிஸ்டர். என் மூக்கை ஏமாத்த முடியாது."

அவள் மூடியை எடுத்தாள். தொட்டி போனால் மறுபடி வாங்கித் தொடங்கும் தெம்பு தனக்கு இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவர் கைக்குட்டையை இறக்கினார். குனிந்தார். இன்னும் குனிந்தார். தலையில் பாதி தொட்டிக்குள் போய்விட்டது.

"ஒண்ணும் வரலையே." குரலில் ஏமாற்றம்.

"சளி பிடிச்சிருக்கா அண்ணே?" என்றான் புருஷன்.

"அதெல்லாம் இல்லப்பா. மரக்கடை வாசம்தான் வருது." நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது.

"அப்பாடா" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மனுஷன் மீசையில மரத்தூளோட போறாருடி" என்றான் அவன். "வீட்டுக்குப் போனதும் அவர் பொண்டாட்டி என்ன கேக்கப் போறாளோ!"

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.