தூசிக்குக் கீழே துரு

பதினொரு மணிக்கு விசாரணை. எட்டரைக்கு வண்டியை எடுத்துப்போக ஆள் வரும். மணி ஏழரை ஆனபோதுதான் வண்டியக்காவுக்குச் சந்தேகம் தட்டியது.

அசல் வண்டிகளைப் பார்த்துச் சின்னஞ்சிறு வண்டிகள் செய்வது அவள் தொழில். அதனால்தான் தெருவே அவளை வண்டியக்கா என்றது. இப்போது மேசைமேல் நின்றது ஒரு பள்ளி வேன், அசலில் பத்தில் ஒரு பங்கு. அசல் வேன் சென்ற மாதம் ஒரு சரிவில் பிரேக் பிடிக்காமல் இறங்கிச் சுவரில் மோதியது. ஒரு சிறுமிக்குக் கால் முறிந்தது. மற்றப் பிள்ளைகளைக் கடவுள் காப்பாற்றினார். அன்று காலை கல்லின்மேல் ஏற்றிப் பிரேக் குழாயை உடைத்தது ஓட்டுநர்தான் என்றது வேனுக்குச் சொந்தமான கம்பெனி. ஒரு மாதமாகவே கசிந்தது, சொல்லிக்கொண்டே இருந்தேன் என்றார் ஓட்டுநர். அவர் சொன்னதற்கு எழுத்தில் சாட்சி ஒன்றும் இல்லை. வேனையும் அதற்குள் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியவை பதினாறு புகைப்படங்கள். அவற்றைப் பார்த்து, கம்பெனி செலவில் ஒரு மாதிரி செய்து தரச் சொல்லியிருந்தார் விசாரணை அதிகாரி. குற்றம் உறுதியானால் ஓட்டுநரின் உரிமம் போகும். சிறைக்குப் போகவும் நேரலாம்.

அக்கா ஒரு படத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

கணவர் பாதி முகத்தில் சவர நுரையோடு வந்தார். "என்ன, சக்கரம் கழண்டுடுச்சா?"

"படத்துல இருக்கிற பின்சக்கரத்தைப் பாருங்க. அப்புறம் நான் செஞ்சதைப் பாருங்க."

"ரெண்டும் அழுக்கா இருக்கு."

"உங்க கண்ணுக்கு எல்லாமே அழுக்குதான்."

"வீட்டைப் பெருக்குறவன் கண்ணு வேற எப்படிம்மா இருக்கும்?"

அவள் தான் செய்த சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தாள். தொழில் பழக்கத்தில் கை தானாகச் செய்த வேலை அது. முதலில் பெயின்ட், பிறகு தூசி, எல்லாவற்றுக்கும் கடைசியாக எண்ணெய்க் கறை. முன்னால் பூசினால் தூசி விழுந்து பளபளப்பு மங்கிவிடும் என்பதால் எண்ணெயை எப்போதும் கடைசிக்கு வைப்பாள். அவள் செய்த சக்கரத்தில் கறை ஈரமாக மின்னியது. படத்தில் அது மின்னவே இல்லை.

உபரியாக வார்த்து வைத்திருந்த சக்கரங்களில் இரண்டை எடுத்தாள். ஒன்றில் வழக்கம்போலவே செய்தாள். எண்ணெய் தூசியைக் கழுவிக்கொண்டு கூரான விளிம்போடு இறங்கியது. மற்றதில் பெயின்டைக் கத்திமுனையால் அங்கங்கே பெயர்த்தாள். பெயர்ந்த இடத்தில் பிய்த்த ஸ்பாஞ்சால் துரு நிறத்தை ஒற்றினாள். அதன்மேல் எண்ணெய். ஈரம் காயுமுன் பழைய காலுறையில் மண்ணைக் கட்டித் தட்டினாள். சாதாரணத் தூசி இந்த அளவு வண்டியில் ஜல்லி மாதிரி தெரியும். காலுறையில் சலித்தால்தான் தூசி தூசியாக இருக்கும். மறுபடி எண்ணெய், மறுபடி தூசி. தலைமுடி காயவைக்கும் கருவியைக் காட்டினாள். கறை அடையாகக் கெட்டித்து, ஓரங்களில் வெடித்தது.

படத்தில் இருந்தது இதேதான். அடை வெடித்த இடத்தில் எட்டிப் பார்த்த செம்பழுப்புப் புள்ளிகள் உட்பட.

"பிரேக் எண்ணெய் பெயின்டைத் தின்னுடும்," என்றாள் மெதுவாக. "தின்ன இடத்துல துரு ஏறணும். துருமேல இத்தனை தூசி அடையணும். இது ஒருநாள் கசிவு இல்லைங்க."

"அப்ப டிரைவர் சொன்னது..."

"உண்மை. நான் பழக்கதோஷத்துல பூசின எண்ணெய் அந்த மனுஷனை உள்ள தள்ளியிருக்கும்."

அழைப்பு மணி அடித்தது.

கம்பெனியின் மேற்பார்வையாளர். வெளுத்த சட்டை, கையில் அட்டைப்பெட்டி. படங்களைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். "ரெடியா மேடம்? நேத்தே முடிஞ்சதுன்னீங்களே."

"ஒரு சக்கரத்தை மாத்தணும் சார். தப்பாப் பூசிட்டேன்."

இரண்டு சக்கரங்களையும் படத்தையும் அவர்முன் வைத்துக் காரணத்தைச் சொன்னாள். அவர் முகம் இறுகியது.

"பழையதே இருக்கட்டும். முதலாளி நேத்தே வந்து பார்த்து ஓகே சொல்லிட்டார்."

"முதலாளி பார்த்தது நான் செஞ்ச வண்டியை. போட்டோவை இல்லையே சார்."

"மேடம், நீங்க பொம்மை செய்யறவங்க. பொம்மை செய்யுங்க. தீர்ப்பு சொல்ல வேற ஆள் இருக்கு." குரல் உயர்ந்தது. "இனிமே எந்தக் கம்பெனி வேலையும் இந்த வாசல்படி ஏறாது. பார்த்துக்கோங்க."

கணவர் நுரையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அக்கா கையமர்த்தினாள்.

"என்னை நம்ப வேண்டாம். நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்க சார்." இன்னொரு வெறுஞ்சக்கரத்தையும் தூரிகையையும் அவரிடம் நீட்டினாள். "தூசியைத் தட்டி, அதுமேல எண்ணெய் விட்டு, படத்துல இருக்கிற மாதிரி வரவைங்க. வந்தா பழையதையே மாட்டித் தர்றேன்."

கடுப்போடு வாங்கினார். ஒருமுறை பூசினார். எண்ணெய் தூசியைக் கிழித்துக்கொண்டு மின்னியது. துடைத்துவிட்டு மறுபடி பூசினார். மூன்றாவது முறை அவர் கை துரு நிறக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. சட்டைக் கையில் செம்பழுப்புக் கறை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"டிரைவர் மூணு தடவை சொன்னான்," என்றார், யாரையும் பார்க்காமல். "லீவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்னுட்டார் முதலாளி. எண்ணெயை ஊத்தி ஊத்தி ஓட்டினோம். வண்டி சரியா இருக்குன்னு தினம் நான்தான் கையெழுத்து போட்டேன். இன்னிக்கு வாயைத் திறந்தா என் வேலையும் போச்சு. ரெண்டு பொண்ணு இருக்கு மேடம்."

அக்கா பெயின்டைக் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்து, அவர் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, கறை பரவாமல் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடுத்தாள். தன் வேலைகளில் காட்டும் அதே பொறுமை. "நாலு பேர் முன்னாடி போய் நிக்கணும். இப்படியே போகக் கூடாது," என்றாள். கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு துருப்பிடித்த சக்கரத்தை வேனில் மாட்டினாள். "அழுத்தினா உள்ள போகும், இழுத்தா வந்துடும். வழியில நீங்க மாத்தினா யாருக்கும் தெரியாது. ஆனா நானும் அங்க வருவேன் சார். கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்."

அவர் பழைய சக்கரத்தைப் பார்த்தார். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியோடு இறங்கிப் போனார்.

"கையில கொடுத்து அனுப்பிட்டியே!" என்று தலையில் கைவைத்தார் கணவர்.

"மனுஷன் நல்லது செய்யணும்னா கெட்டது செய்யவும் வழி இருக்கணும்ங்க," என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, பேருந்தில் போகும் வழியெல்லாம் அவள் உதடுகள் பிரார்த்தனையில் அசைந்துகொண்டே இருந்தன.

விசாரணை அறையில் அவளுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. வேன் அதிகாரியின் மேசைமேல் நின்றது. அந்த இடது பின்சக்கரம் அவருக்கு நேராக. அவளுக்குத் தெரிந்தது மறுபக்கம் மட்டும். முதலாளியின் பக்கத்தில் மேற்பார்வையாளர். எதிரே ஒரு பெஞ்சில் தனியாக, சீருடை போட்டே வந்திருந்த ஓட்டுநர்.

அதிகாரி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இது என்ன கறை? யார் விளக்குவீங்க?"

அக்கா முன்வரிசையின் சாய்மானத்தைப் பிடித்தபடி எழப்போனாள்.

அதற்குள் மேற்பார்வையாளர் எழுந்துவிட்டார். முதலாளி அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் விடுவித்துக்கொண்டார்.

"பழைய கசிவு சார். ஒரு மாசம் இருக்கும். கல்லு மேல ஏறினதுனால இல்ல. டிரைவர் என்கிட்ட மூணு தடவை சொன்னார். வண்டி சரியா இருக்குன்னு கையெழுத்து போட்டது நான்."

ஓட்டுநர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "எழுதிக்கோங்க," என்றார் அதிகாரி குமாஸ்தாவிடம். "ஓட்டுநர் மேல இருக்கிற நடவடிக்கையை இன்னியோட நிறுத்துங்க."

மேற்பார்வையாளர் உட்காரத் திரும்பினார். அவருடைய நாற்காலியில் முதலாளி தன் பையை வைத்திருந்தார். எங்கே போவது என்று தெரியாமல் அவர் நடுஅறையில் நின்றார்.

ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் கையால் தட்டினார்.

"இங்க வந்து உட்காருங்கண்ணே."