முழுதும் சாப்பிட்டார்

இரண்டாவது முட்டையையும் முழுசாக வாயில் திணித்துக்கொண்டு பெரியவன் கதவைப் பார்த்தான். நர்ஸின் செருப்புச் சத்தம் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த அம்மா, "மென்னு தின்னுடா. புரை ஏறி எனக்கு முன்னாடி நீ போயிடப்போற," என்றாள்.

உப்பு கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய காலத்துச் சமையல் அந்த ஆஸ்பத்திரியில் நடந்தது. சூப்பில் கேரட்டைத் தேட ஆள் வைக்க வேண்டும். ரொட்டியைச் சுவரில் எறிந்தால் சேதம் சுவருக்குத்தான். அம்மாவுக்கென்று வருகிற அந்தத் தட்டைத்தான் பதினோரு நாளாக, வேளை தவறாமல், பெரியவன் நக்காத குறையாகக் காலி செய்துகொண்டிருந்தான்.

பசியெல்லாம் இல்லை. பசிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். முதலாளி ஒரு லென்ஸைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் போதும், வீட்டுக்கு வரும் வழியில் ஆறு பன் காணாமல் போகும். திங்கட்கிழமை முதல் வாயைக் கட்டுவதென்று சபதம் செய்வான். காலையும் மதியமும் வெறும் தண்ணீர். சாயங்காலம் ஒரு பட்டாளத்துக்கான கேக்கோடு குளியலறைக்குள் போய், காகிதம் சரசரப்பது வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிடுவான். ருசியெல்லாம் முதல் இரண்டு துண்டோடு சரி. மீதி கையும் வாயும் தாங்களாகவே பேசி முடித்துக்கொள்கிற விவகாரம். அவனை யாரும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒளிந்து தின்னக் குளியலறைக்கு ஓட வேண்டிய அவசியமே வரவில்லை. அம்மா நாளுக்கு நாள் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் அவன் வேலை. முதல் நாளே அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அவன் கை தானாக அதன்மேல் போய்விட்டது. காலித் தட்டைப் பார்த்த நர்ஸ் பூரித்துப்போய், கால்மாட்டில் தொங்கிய தாளில் 'முழுதும் சாப்பிட்டார்' என்று எழுதினாள். அவன் உண்மையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சொன்னேன்னா மூக்குல குழாய் சொருகுவாங்க. பக்கத்துக் கட்டில்காரியப் பார்த்தல்ல? பேசாம தின்னு. உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

டாக்டருக்குத்தான் தலை சுற்றியது. மல்யுத்தக்காரன் மாதிரி தின்கிற கிழவி எப்படி இளைக்கிறாள்? ரத்தம் எடுத்தார்கள். போதாதென்று மறுபடி எடுத்தார்கள். ஊசி குத்த இடம் கிடைக்காமல் புறங்கையைத் தட்டித் தட்டித் தேடினார்கள். பெரியவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்காகத் தின்கிறேனா, எனக்காகவா என்று யோசிக்க ஆரம்பித்தால் கை ரொட்டியைத் தேடியது.

முட்டையை விழுங்கிவிட்டு, "இன்னிக்கு டாக்டர்கிட்ட சொல்லிடறேம்மா," என்றான்.

"என்னன்னு?"

"குழாய் வெச்சா இன்னும் கொஞ்ச நாள்..."

"கொஞ்ச நாள்னா எத்தனை நாளாம்? கேட்டு எழுதி வாங்கிட்டு வா, யோசிக்கிறேன்." சிரிக்கப் பார்த்தாள், மூச்சுதான் வந்தது. "சூப் ஆறுது பாரு."

கிண்ணத்தைத் தூக்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு இறக்கினான். அம்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் வந்தாள், டாக்டர் வந்தார், திரை இழுத்தார்கள். எல்லாம் முடிந்து தட்டை எடுக்கும்போது நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் தாளில் அந்த இரண்டு வார்த்தையையும் எழுதிவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிடுகிற உடற்பயிற்சி ஆசிரியையான தங்கை, கழுத்தில் விசிலோடு அப்படியே ஓடிவந்தாள். அழுது ஓய்ந்தபின் தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்தாள். பிறகு போனில் ஊருக்கெல்லாம் சொன்னாள்.

"கடைசி வேளைவரைக்கும் நல்லா சாப்பிட்டாங்க சித்தி. ஒரு துணுக்கு மிச்சம் வைக்கல. அந்த ஒரு ஆறுதல்தான் எனக்கு."

வராந்தா நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவன், "அது வந்து..." என்றான்.

"நீ பேசாத." போனை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் ஒரு வேளைகூட வந்து ஊட்டல. அத்தனையும் நீதான். உன்னைப் போய் உருளை, பீப்பாய்னு... எத்தனை தடவை சொல்லியிருப்பேன்." விசில் கயிற்றை முறுக்கினாள். "காலைலேர்ந்து பச்சைத் தண்ணி குடிச்சிருக்க மாட்ட. முகத்தைப் பாரு."

அவனுக்கோ தொண்டை வரை சூப் இருந்தது.

அவள் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்தாள். ஒரு சுளையைப் பிய்த்து அவன் உதட்டருகே நீட்டினாள்.

"வாயைத் திற அண்ணா. எனக்காக."

திறந்தான். அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவன் மென்றான், மென்றுகொண்டே இருந்தான். அடுத்த சுளையின் நாரை ஒவ்வொன்றாக எடுத்தபடி அவள் காத்திருந்தாள்.